பதினொரு முறை

மூஸ் ஜாவில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
தானியம் வாங்கி விற்கும் அலுவலகம்.
சனிக்கிழமைதானே என்று
ஹீட்டரைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தேன்.

பதினொரு கணினிகள். சர்வர் இல்லை.
"இந்த வருஷம் கனோலா விலை தெரியுமா உனக்கு?"
போனில் ஹிரிசாக் கேட்டதும்
அதைப் பற்றிய பேச்சு முடிந்தது.

ஆகவே, ஓரிடத்தில் எழுதி
எல்லா இடத்திலும் நடக்கிற ஆணை
இங்கே கிடையாது.
தலைநகர் இல்லாத நாடு.
முரசைத் தூக்கிக்கொண்டு
மேசை மேசையாக நான்தான் போக வேண்டும்:

பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் பூட்டிக்கொள்.
பன்னிரண்டு எழுத்துக்குக் குறைந்த கடவுச்சொல்லை ஏற்காதே.
ஐந்து தரம் தப்பினால்
அரை மணி நேரம் வாய் திறக்காதே.
வெளியிலிருந்து வரும் பென் டிரைவ்
எவருடையதானாலும் உள்ளே விடாதே.
அப்புறம், ஹிரிசாக்கின் விருப்பம்,
திரைதோறும் கம்பெனிச் சின்னம், நீல நிறத்தில்.

எல்லாம் கட்டைவிரல் அளவுப் பென் டிரைவில்,
இரண்டு கோப்புகளாக.

முதல் கணினி. முதல் கோப்பு. ஓடியது.
மறுபடி துவக்கி இரண்டாவதை எடுக்கப் போனேன்.
அணுகல் மறுக்கப்பட்டது.
பென் டிரைவைப் பிடுங்கினேன், ஊதினேன், செருகினேன்.
மறுக்கப்பட்டது.
அப்போதுதான் உறைத்தது.
எவருடையதானாலும் என்று எழுதியது நான்தான்.
நிர்வாகிக்கு மட்டும் விலக்கு என்பது
இரண்டாவது கோப்பில், உள்ளே, அகப்படாமல்.
சொன்ன சொல் தவறாத இயந்திரத்தை
என்னவென்று திட்டுவது?
காலி அலுவலகத்தில் தனியே சிரித்தேன்,
வாயிலிருந்து ஆவி வந்தது.

கையாலேயே திறந்து, கையாலேயே திருத்தினேன்.
மற்ற பத்திலும் வரிசையை மாற்றிவிட்டேன்:
முதலில் விலக்கு, பிறகு விதி.
வேறெங்காவது இப்படிச் சட்டம் எழுதினால்
கல்லெறிவார்கள்.

மூன்றாவதில் விசைப்பலகைக்கு அடியில்
மஞ்சள் தாளில் கடவுச்சொல்,
பழையதை அடித்துப் புதியது,
அதையும் அடித்து இன்னொன்று.
இனி பன்னிரண்டு எழுத்து.
கொஞ்சம் பெரிய தாளாக வாங்குவார்கள்.

ஏழாவதின் கடிகாரம் பத்தொன்பது நிமிடம் பின்தங்கி
யாரையும் கேட்காமல் தன் பொழுதில் வாழ்ந்தது.

ஒன்பதாவதில் விதிகளைத் திறக்கும் கதவே இல்லை.
வீட்டுக்கென்று விற்கிற மலிவுப் பதிப்பு,
எந்தத் தள்ளுபடியில் வாங்கினார்களோ.
பதிவேட்டுக்குள் இறங்கி
ஒவ்வொரு எண்ணாகத் தட்டினேன்.
பூஜ்யத்துக்கு ஒன்று, ஒன்றுக்கு பூஜ்யம்,
விறைத்த விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.
அந்த ஒன்றுக்கே ஒரு மணி நேரம்.

பதினொன்றாவது வரவேற்பறையில், டோரீனுடையது.
திரை முழுக்கப் பனிவயல்,
நடுவில் ஒரு காது கிழிந்த குதிரை.
படம் எடுத்த கை நடுங்கியிருக்க வேண்டும்,
அடிவானம் சாய்ந்திருந்தது.
குதிரை மட்டும் நேராக என்னைப் பார்த்தது.

பூட்டு, நீளம், ஐந்து தரம், பென் டிரைவ்
எல்லாவற்றையும் போட்டேன்.
சின்னத்துக்கான வரியில் வந்து நின்றேன்.
அதை எழுதவில்லை.

சர்வர் இருந்தால் திங்கள் காலையே
சிவப்பில் காட்டிக்கொடுத்திருக்கும்:
பதினொன்றில் ஒன்று கீழ்ப்படியவில்லை.
இங்கே கேட்க ஆளில்லை.
அதே காரணத்தால், மூன்றாம் மேசைக்காரர்
என் விதிகளை நாளைக்கே கலைத்தாலும்
எனக்குத் தெரியப்போவதில்லை.
இரண்டும் சேர்ந்துதான் விலை.

பில்லில் பதினொன்று என்றே எழுதினேன்.
காரின் கதவு மூன்றாவது இழுப்பில் திறந்தது.
குதிரையைப் பிடிக்க நினைப்பவர்
என்னைப் போலவே
மேசை மேசையாக நடந்து வரட்டும்.