நான்காவது துப்பாக்கி

வியாழன். மழை. ஹெரிஃபோர்டில் எங்கள் கடைக்குள்
சேறு அப்பிய பூட்ஸோடு வந்தாள் மோர்வென்னா ப்ராபர்ட்.
"எலிக்கு," என்றாள். அவ்வளவுதான்.

டெலஸ்கோப் பொருத்திய பளபளப்பை எடுத்து நீட்டினேன்.
பெட்டியில் அச்சடித்த வேகத்தை அவள் படிக்கவேயில்லை.
குழலை மடக்கினாள், பாதியில் நிறுத்தி
காதை வைத்தாள்.
உள்ளே ஸ்பிரிங்
பழைய கட்டில்போல் முனகியது.
திருப்பித் தந்தாள்.

இரண்டாவது, தோளுக்குக் கனம்.
மூன்றாவதன் விசை
களிமண்ணில் புதைந்த கால்போல் இழுபட்டது.

நான்காவது பீச் மரக்கட்டை, வெறும் இரும்புக் குறி,
விலையோ என் ஒரு வாரச் சம்பளம்.
மடக்கினாள்.
டக்.
அந்தச் சத்தத்தில் சந்தேகமே இல்லை.

பின்கட்டில் சுட்டுப் பார்த்தாள்.
முதல் ஐந்து குண்டும் தாளெங்கும் சிதறின.
"வெளிச்சம் போதவில்லை," என்றேன்
விற்பனையைக் காப்பாற்ற.

அவள் விரல்களைத் தளர்த்தினாள்.
முட்டையை ஏந்துவதுபோல்
உள்ளங்கையில் கட்டையைக் கிடத்தினாள்.
அடுத்த ஐந்தும்
ஒரு பென்னிக்குள் அடங்கின.

சில்லறைவரை எண்ணி வைத்தாள்.
பாதி விலைக்குத் தருகிறேன் என்ற டெலஸ்கோப்பை
மேசையிலேயே விட்டாள்.

"துள்ளுறதை அமுக்கினா வேலிப்பக்கம்தான் ஓடும்,"
என்றாள் கதவருகே.
"பதினோரு ஆடு வெச்சிருக்கேன்."