இரண்டேகால் மணிக்குக் கருவி பழுது

ஹெஸ்ஸன் மலைச்சரிவில்
ஓட்மார் டேபுஸின் மாட்டுக்கொட்டகை.
பதினெட்டுப் பசுக்களும் ஒன்றுபோல அசைபோடுகின்றன.
சுண்ணாம்படித்த கூரையில்
மிளகை அள்ளி எறிந்து ஒட்டவைத்தாற்போல ஈக்கள்.

உறங்கும் ஈயை வௌவால் அறியாது,
ஊர்ந்து போகும் ஈயையும்தான்.
அது வீசும் குரல் கூரையில் மோதித் திரும்புகையில்
காரைப் பொருக்கும் ஈயும் ஒன்றே.
ஒரு சாண் தள்ளி இறக்கை போகிறது.
ஈக்கு ஒன்றுமில்லை.

ஆண் ஈ தாவி ஏறும்போதுதான் வினை.
சத்தமில்லாமல் அதற்கு முடியாது.
படபடவென்று இறக்கை அடிக்கிறது,
தூரத்து வீட்டில் யாரோ
ராவோடு ராவாகத் தைத்து முடிப்பதுபோல.
ஒலிவாங்கி வழியே என் காதுக்கு வருகிறது.
எனக்கு வந்தால் அதற்கும் வரும்.
பிறகு கூரையில் வெறும் சுண்ணாம்பு.
ஒன்றைக் கேட்டு வந்ததற்கு
இரண்டு கிடைத்தது.
தாளில் ஒரு கோடு போடுகிறேன்.

"ஈ கூடுவதை எண்ணவா இவ்வளவு படித்தீர்கள், லோரென்ட்ஸ் அம்மா?"
என்பார் ஓட்மார் பால் கறக்கும்போது.
ஆமாம் என்பேன்.

இரண்டேகால் மணி.
வைக்கோல் பரணுக்கு ஏறும் ஏணியில்
மூன்றாம் படி முனகியது.
ஒரு சிரிப்பு, பாதியில் கடித்து விழுங்கியது.
யோஸ்ட், ஓட்மாரின் மகன். கூட டோர்ட்ட.
ஓடைக்கரை வேலித் தகராறில்
பதினோரு வருஷமாய் முகம்பார்க்காத வீட்டுப் பெண்.
ஒலிவாங்கிக்கு வேலித் தகராறு தெரியாது.
முள் துள்ளித் துள்ளி
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தது.

அடுப்படி விளக்கு எரிந்தது.
முற்றத்துக் கூழாங்கல்லில் ரப்பர் காலணி.

எழுந்தேன். வாசலிலேயே நின்று
பசுக்கள் மிரளும்படி கத்தினேன்:
"டேபுஸ் ஐயா! தூக்கம் வரலையா!"

பரண் கல்லாகிவிட்டது.

அவர் கைவிளக்கைத் தூக்கிக்
கூரையெங்கும் ஒருமுறை நகர்த்தினார்.
பரண் விளிம்பில் கொஞ்சம் நின்றது வெளிச்சம்.
"இன்றைக்கு ஈ அதிகமோ?"
"அதிகம்தான்."
"எத்தனை மாட்டிச்சு?"
"இதுவரை ஆறு ஜோடி."
அவர் சிரித்தாரா, செருமினாரா,
இன்றும் எனக்குத் தெளிவில்லை.
போய்விட்டார்.

பதினேழு நிமிஷத்தை அழித்தேன்.
தாளில் "கருவி பழுது" என்று எழுதினேன்.
கையெழுத்து கோணியிருந்தது.
இத்தனை இரவும் இருட்டில்
காது தீட்டி உட்கார்ந்திருந்தவள்
நானும்தானே.

ஏணியில் வெறுங்கால்கள் இறங்கின,
மூன்றாம் படியைத் தாண்டி.

அதற்குள் ஏழாம் தூணுக்கு மேலே
மறுபடி ஒரு தையல் சத்தம்.
பென்சிலைத் தேடினேன்.