ஐந்தாவது கோடு

டோனர் தீர்ந்துகொண்டிருந்தது.
திபிலிசியிலிருந்து வரவேண்டிய புதியது
பனிச்சரிவுக்கு அந்தப்பக்கம் ஏதோ ஒரு வேனில்.
பழையதைக் கழற்றிக் குலுக்கினேன்,
இன்னும் பதினோரு தாள்.

மாயத்தொப்பி போட்டுக்கொண்டு
ஒரு நாள் நீ காணாமல் போனால்
என்னென்ன குறும்பு செய்வாய்?
கீழே ஐந்து கோடுகள்,
ஓரத்தில் நட்சத்திரம் வைத்த தொப்பி.

ஜவேபா அடுத்தவன் கச்சாபுரியைத் தின்றான்.
நெஸ்தான் தேர்வுத்தாளைத் திருடினாள்,
'திருடினேன்' என்பதிலேயே பிழை விட்டாள்.
இரட்டையர் என் நாற்காலியில் பிசின் தடவினார்கள்,
ஒரே பிசின், ஒரே வாக்கியம்.

கடைசித் தாள் ஷோரேனாவுக்குப் போயிருக்கிறது.
தொப்பி விழவில்லை.
மேல்வரி இல்லை, கீழ்வரி இல்லை.
நடுவரி மட்டும் சாம்பல் நிறத்தில்:
ஒரு நாள் நீ காணாமல் போனால்

கை தூக்கி அவள் எதுவும் கேட்கவில்லை. எழுதியிருக்கிறாள்:

முதலில் மாட்டுக்குத் தெரியும், மடி கனக்கும்.
விறகுப்பெட்டி ராத்திரிக்குள் காலியாகிவிடும்.
அம்மா போலந்திலிருந்து ஞாயிறுதான் கூப்பிடுவாள்.
அதனால் ஞாயிறு வரைக்கும் அவளுக்கு நான் இருப்பேன்.
பள்ளியில்

அவ்வளவுதான்.
அதற்குள் மணி அடித்திருக்கும்.

முழு வாக்கியம் ஒன்றுக்கு ஒரு மதிப்பெண்
என்கிறது விடைக்குறிப்பு.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
அடுப்பில் கட்டை வெடித்தது.

மறுநாள் வருகைப்பதிவேட்டில்
அவள் பெயரைக் கொஞ்சம் உரக்கவே கூப்பிட்டுவிட்டேன்.
எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.
திடுக்கிட்டு எழுந்தாள்,
ஏதோ தப்பு செய்தவள் போல.