முன்பின் பதினோரு நாள்

பர்கூர் சாலை கிரானைட் பட்டறையில்
பில் போடுகிற மேசை என்னுடையது.
நீளம், அகலம், கனம்; சதுர அடிக்கு இவ்வளவு;
ஏற்றுக்கூலி தனி.
எம்.ஏ. தொல்லியல் என்று சான்றிதழ் சொல்வது பொய்யில்லை.
கல்லோடுதானே இருக்கிறேன்.

ஞாயிறுதோறும் பட்டறை டேப்பை எடுத்துக்கொண்டு
குள்ளர் மேட்டுக்கு ஏறுவேன்.
நான்கு பலகை நிறுத்தி, ஒன்றை மேலே மூடி,
கிழக்குப் பலகையில் வட்டமாய் ஒரு துளை.
மழை வந்தால் பாப்பம்மா
ஆட்டுக்குட்டிகளை அதன் வழியே உள்ளே தள்ளுவாள்.
"அளந்துக்கோ, சீக்கிரம் அள, அதுங்க கத்தும்."
விட்டம் நாற்பத்து நான்கு சென்டிமீட்டர்.
குட்டிக்குத் தாராளம்.
நான், ஒரு தோளை முதலில் விட்டால், நுழையலாம்.
விட்டேன்.
உள்ளே வெள்ளைச் சாந்தில் ஓர் ஆள்,
குதிரையோ மாடோ ஒன்றின் மேல்.
கையில் பிடித்திருந்தது உதிர்ந்துவிட்டது.
ஆயுதம், என்று எழுதிப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
அந்தக் கேள்விக்குறிக்காக
இன்னும் ஆறு ஞாயிறு போனேன்.

தார்வாடில் கருத்தரங்கு என்றார்கள்.
இளம் ஆய்வாளர் அமர்வு, பயணப்படி உண்டு,
சுருக்கம் இருநூற்றைம்பது சொல்,
இன்று நள்ளிரவுக்குள்.
'சார்ந்த நிறுவனம்' என்றொரு கட்டம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை.
ஸ்ரீ திம்மராயா கிரானைட்ஸ் என்று போட்டேன்.
திறந்தது.
அடுத்தது பிறந்த தேதி.
முப்பத்திரண்டு நிறையாதவர் மட்டும்.
எனக்கு நிறைந்து பதினோரு நாள்.

கரித்துண்டு ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பினால்
கி.மு. எண்ணூறு, முன்பின் அறுபது என்று வரும்.
யாரும் கோபித்துக்கொள்வதில்லை.
அறுபது வருடத்தில் ஒருத்தி
பிறந்து, ஏழு பெற்று, நான்கைப் புதைத்து,
தானும் அந்தத் துளை வழியே போய்ச் சேர்ந்திருக்கலாம்.
அவ்வளவையும் ஒரு கூட்டல் கழித்தல் குறிக்குள் மடித்துவிட்டு
டீ குடிக்கப் போகிறோம்.
எனக்குப் பதினோரு நாள் தரமாட்டார்களாம்.

அந்தப் பதினோரு நாளில் என்னதான் செய்தேன்?
பேரேட்டைப் புரட்டினேன்.
தூத்துக்குடிக்கு மூன்று லோடு.
விரிசல் விழுந்த பலகை ஒன்று, பாதி விலைக்கு.
ஆடிப் பதினெட்டு, பட்டறை விடுமுறை.

பொது அமர்வுக்கே அனுப்பினேன், பயணப்படி இல்லாததற்கு.
நன்றி வரியில் பாப்பம்மா பெயரைச் சேர்த்ததில்
இரண்டு சொல் கூடிவிட்டது.
'மிகவும்', 'முக்கியமான' இரண்டையும் எடுத்தேன்.
கட்டுரைக்கு ஒன்றும் ஆகவில்லை.
பதினொன்று ஐம்பத்தேழுக்குப் போயிற்று.

ஏற்றுக்கொண்டார்கள்.
பதிவுக் கட்டணம் மூவாயிரத்து ஐந்நூறு.
தங்குமிடம் அவரவர் பொறுப்பு.

திம்மராயன் லீவு கடிதத்தை இரண்டு முறை படித்தார்.
"அங்க போனா என்ன குடுப்பாங்க?"
"பேசப் பதினஞ்சு நிமிஷம். கேள்விக்கு அஞ்சு."
"அவ்ளோதானா?"
"அவ்ளோதான்."
கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.
"அந்த மேல்பலகை என்ன கனம்?"
"ஒம்பது அங்குலம்."
"விரிசல்?"
"வடக்கு ஓரத்துல ஒண்ணு. இன்னும் விழலை."
"எப்படித்தான் ஏத்துனானுங்க," என்றார்
என்னிடம் இல்லை, தன் உள்ளங்கைகளிடம்.
லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எழுந்து போனார்.

மூன்று நாள் கேட்டிருந்தேன்.
அடித்து, இரண்டு என்று திருத்திக் கையெழுத்து.

ஓசூர் பஸ், பெங்களூரில் ரயில், விடிந்தால் தார்வாட்.
படங்கள், குறிப்பேடு, மாற்றுப் புடவை ஒன்று.
டேப்பையும் பையில் வைத்தேன்.
பிறகு எடுத்து மேசைமேல் வைத்தேன்.
அது பட்டறையுடையது.