பிரிவு நான்கில் ஒரு முயல்

தால்லினில் மார்ச் மாத இரவு, பத்து மணி.
மேட்டின் மேல் இளஞ்சிவப்பு நாடாளுமன்றம்.
உருகுவதா வேண்டாமா என்று
கூரை விளிம்புப் பனி
இன்னும் தீர்மானம் நிறைவேற்றவில்லை.

சட்டவரைவு அறையில் மைரே
ஆறாவது காபியோடு
பிரிவு நான்கைத் திறந்து வைத்திருக்கிறாள்:
"நாட்டின் கரியுமிழ்வை
குறித்த ஆண்டுக்குள்
நூற்றுக்கு எண்பது குறைக்க வேண்டும்."

மாடியிலிருந்து ஒரு திருத்தம் இறங்கி வருகிறது
மடித்த தாளில், மிகப் பணிவாக.
எண்ணைத் தொடவில்லை. ஆண்டைத் தொடவில்லை.
ஒரே ஒரு சொல்:
"குறைக்க முயல வேண்டும்."

அவர்கள் மொழியில் அது வேறு சொல்.
என் மொழியில் எழுதும்போதுதான் தெரிகிறது
உள்ளே ஒரு முயல் இருப்பது,
காது விடைத்து, பின்னங்கால் மடக்கி.
கை நீட்டினால் வேலிக்கு அப்பால்.
பிடிபட்டாலும் கவலையில்லை,
அதற்கு மூன்றே கால் என்று சாதிக்க
ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

கிழக்கே இருநூறு கிலோமீட்டரில் நார்வா.
அங்கே கல்லே விறகு.
எண்ணெய்ப் பாறையைப் பொடித்துப் பொடித்து
விழுங்கும் உலைகள்.
அந்த ஊர் உறுப்பினர் ரைசா எழுந்தபோது
முயலுக்கு ஒரு வாக்கு நிச்சயம் என்று
உர்மாஸ் பேனாவை மூடிவிட்டார்.

ரைசா கண்ணாடியைத் தேடினார். கைப்பையில் இல்லை.
பக்கத்து இருக்கைக்காரருடையதை வாங்கி மாட்டிக்கொண்டு
நான்கை விட்டுவிட்டு
ஒன்பதைப் படித்தார்:
"வேலையிழக்கும் உலைத் தொழிலாளருக்கு
மாற்று வேலை தர
அரசு முயல வேண்டும்."

"இது யாருடைய திருத்தமும் இல்லை.
முதல் வரைவிலேயே இருந்தது.
ஒருவர் கண்ணிலும் படவில்லை.
என் தம்பி வலேரி
இருபத்தொரு வருடமாகக் கொதிகலன் பார்க்கிறான்.
முள் சிவப்புக்குப் போனால்
அவன் வால்வைத் திறக்க முயல்வதில்லை.
திறக்கிறான்.
இரண்டு இடத்திலும் அந்தச் சொல்லை எடுங்கள்.
இல்லை, இரண்டிலும் வையுங்கள்.
எல்லாரும் வீட்டுக்குப் போய்த்
தூங்க முயலலாம்."

யாரோ சிரித்தார்கள்.
மைரே சிரிக்கவில்லை.
ஒன்பதாம் பிரிவைத் தட்டச்சு செய்தது அவள்தான்,
நவம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, பல்வலியோடு.
வழக்கமான சொல்தானே என்று போட்டது.

நள்ளிரவு தாண்டி வாக்கெடுப்பு.
நான்கில் முயல் தோற்றது:
நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தொன்பது.
அந்த ஒன்று யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.
கைதட்டல். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.
அடுத்த நிமிடம்
ஒன்பதை வியாழக்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள்.
நிதித்துறையைக் கேட்க வேண்டுமாம்.
நேரமும் ஆகிவிட்டதாம்.

கடன் வாங்கிய கண்ணாடியோடே
ரைசா படியிறங்கிப் போய்விட்டார்.
இருக்கைக்காரர் வாசல் வரை ஓடிவந்து
கூப்பிடாமல் நின்றார்.

மைரே விளக்குகளை அணைத்துவிட்டாள்.
திரை மட்டும் எரிகிறது.
பிரிவு நான்கு சுத்தமாக இருக்கிறது
காலடி படாத புதுப்பனி மாதிரி.
கீழே உருட்டுகிறாள்.
ஐந்து, ஆறு, அபராதங்கள், அட்டவணை,
ஒன்பது.

அங்கே உட்கார்ந்திருக்கிறது.
நான்கு காலையும் எண்ணிப் பார்க்கலாம்.
ஓடவில்லை.
வியாழன் வரைக்கும்
அதற்கு மேய்ச்சல் இருக்கிறது.