பதினேழாம் கேள்வி

பட்டத்தின் பெயரில் இரண்டு 'உம்':
வணிகமும் சீனவியலும்.
அந்த உம்முக்குத்தான்
கடன் வாங்கிக் கட்டணம் கட்டினேன்.

ஷெஃபீல்டில் அந்த இரண்டுக்கும் நடுவே
டிராம் ஓடுகிறது.
இந்தப் பக்கம் வணிகப் பள்ளி:
ஆளைக் கண்டால் தானே திறக்கும் கதவு,
ஸ்ட்ரதர்ஸின் அறையில் அழித்து அழித்து
நீலம் பாரித்த வெள்ளைப் பலகை.
அந்தப் பக்கம் பழைய செங்கல் வீடு,
தோளால் முட்டினால்தான் திறக்கும்.
மாடியில் ஓயாங் பெய்ஜென்,
பிளாஸ்கில் வெந்நீர்.
வெறும் வெந்நீர்.

யீவூவில் ஆறு வாரம் இருந்தேன்.
ஜிப்பின் தலைகளை வார்க்கும் பட்டறைகள்
நாற்பத்தொன்று.
பதினேழாம் கேள்வி:
முன்பின் தெரியாத வெளிநாட்டவருக்குக்
கடனுக்குச் சரக்கு அனுப்புவீர்களா?
ஒன்று என்றால் மாட்டேன்,
ஐந்து என்றால் கட்டாயம்.
யாரும் எண் சொல்லவில்லை.
டீ ஊற்றினார்கள்.
"யென்ஜியூ, யென்ஜியூ" என்றார்கள்.
ஆராய்வோம், ஆராய்வோம்.
நான்கு என்று குறித்துக்கொண்டேன்.
ஆராய்கிறவர்கள்மேல் எனக்கு
எப்போதுமே ஒரு மரியாதை.

லோ சாய்ஷியன் மட்டும்
என் தாளை எட்டிப் பார்த்தார்.
விரல் நுனிகளில் துத்தநாகச் சாம்பல்.
நான் நான்கு போடுவதைக் கண்டு
ஏதோ சொல்ல வாயெடுத்தார்,
பிறகு பையனை அனுப்பி
ஒரு பம்ப்ளிமாஸ் வாங்கிவரச் செய்து
உரித்துத் தந்தார்.
அதையும் குறித்துக்கொண்டேன்:
விருந்தோம்பல், ஐந்து.

ஜூலையில் வரைபடம்.
ஒரே ஒரு பட்டை, கூரை முட்ட.
"அந்த ஊரில் நம்பிக்கை
இலவசமாகக் கிடைக்கிறது போல" என்றார் ஸ்ட்ரதர்ஸ்.
நனைந்துகொண்டே தடம் தாண்டி ஓடிப்போய்
பெய்ஜெனிடம் நீட்டினேன்.
படித்தார். பிளாஸ்க் மூடியைத் திருகித் திறந்தார்.
குடிக்காமல் மூடினார்.
"ஹெட்டி, நாற்பத்தொரு பேர்
உன்னிடம் முடியாது என்றிருக்கிறார்கள்."

அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல்
இன்னொன்றும் சொன்னார்:
ஆராய்ச்சி என்ற சொல்லும்
சிகரெட்டும் சாராயமும் என்ற சொல்லும்
அந்த மொழியில் ஏறக்குறைய ஒரே ஒலி,
சுரம்தான் கொஞ்சம் பிசகும்.
சில கதவுகள் பாதி திறந்தே இருந்திருக்கலாம்.
நான்தான் பேனாவோடு போயிருக்கிறேன்.

அன்றிரவு நான்குகளை ஒன்றாக்கினேன்.
ஒவ்வொன்றாக, கையால்,
மென்பொருளிடம் விட மனம் வரவில்லை.
இடையில் வியாபாரத்துக்கு அவர்கள் எழுதும்
இரண்டு எழுத்துகளை வெகுநேரம் பார்த்தேன்.
முதலாவது, பிறப்பு.
இரண்டாவது, பொருள்.
எந்தப் பொருள் என்று அகராதியில் இல்லை.
மூன்று மணிக்குப் பட்டை தரையில் கிடந்தது,
அடிக்குறிப்பு மட்டும் பக்கத்தை விழுங்கி வளர்ந்திருந்தது.

மறுநாள் ஸ்ட்ரதர்ஸ் தடம் தாண்டி வந்தார்.
முப்பது அடி தூரம்,
பன்னிரண்டு வருடத்தில் முதல்முறை.
தானே திறக்கும் என்று கதவின்முன் நின்றார்.
மழை அவர்மேல் பெய்துகொண்டிருந்தது.
ஜன்னலைத் தூக்கிக் கத்தினேன்:
தோள்! தோள்!

ஈரக் கோட்டோடு உட்கார்ந்து கேட்டார்,
"அப்படியானால் சரி என்பதற்கு
என்ன சொல்வார்கள்?"
பெய்ஜென் அவருக்கும் வெந்நீர் ஊற்றினார்.
"பெரும்பாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.
சரக்கு வந்து சேரும்."
ஸ்ட்ரதர்ஸ் அதை எழுதிக்கொள்ளப் பலகையைத் தேடினார்.
அந்த அறையில் பலகை கிடையாது.

செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று.
அக்டோபரில் லோ சாய்ஷியனிடமிருந்து
கைபேசியில் ஒரு படம்:
கட்டி முடித்த அட்டைப்பெட்டிகள்,
மேலே ஒரு பூனை.
கீழே கேள்வி:
உன் ஆசிரியர்கள் எத்தனை போட்டார்கள்,
நான்கா?

இன்னும் தெரியவில்லை, என்று எழுதினேன்.
யென்ஜியூ, யென்ஜியூ.

எழுதுகிறார், எழுதுகிறார் என்று
திரை வெகுநேரம் காட்டிக்கொண்டிருந்தது.
அப்புறம் வந்தது:

சிகரெட் வாங்கிக் கொடு.