ஒன்பதாம் பீப்பாய்

இரண்டரை ஹெக்டேர் சரிவையும் அதன் கடனையும்
நான் வாங்கிய அன்று
சாவிக்கொத்தோடு ஒரு கணக்கு நோட்டும் வந்தது.
நோட்டரி அதை இலவசம் என்றார்.
எலி தின்றது போக எண்பது பக்கம்.

முதல் கை தெயோதுல் வோஷ்ரேயுடையது.
மண்வெட்டியால் கொத்தியது போன்ற எழுத்து.
1891: மேற்கு வரிசை மஞ்சளித்தது.
1892: வேரில் பூச்சி.
1893: எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தோம். மூன்று நாள் புகை.
பிறகு ஒரே ஒரு வரி:
அமெரிக்க வேர் நானூறு, கடனுக்கு.
பூச்சி எங்கிருந்து வந்ததோ அங்கிருந்தே வேரும்.
அதன்மேல் உள்ளூர் சவாஞ்ஞானை ஒட்டுக் கட்டினார்.
இன்றும் தரைக்குக் கீழே அயல்நாடு,
ஒட்டுக்கு மேலே ஜூரா.
எந்தக் கொடியும் இதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இரண்டாம் கை மகன் அன்செல்ம். மையிலும் சிக்கனம்.
1914 ஆகஸ்ட்: "நான் கிளம்புகிறேன்.
குதிரையையும் எழுதிக்கொண்டார்கள்.
ஒன்பதாம் பீப்பாயை வாராவாரம் நிரப்பு."

மூன்றாம் கை செலி. அவன் மனைவி.
அவள் நிரப்பவில்லை.
மழை அடித்து இறக்கிய நீலக் களிமண்ணை
முதுகுக் கூடையில் மறுபடி மேலே ஏற்றினாள்.
பிஜூ இல்லாத கலப்பையில் தன் தோளைப் பூட்டினாள்.
"நிரப்ப ஒயின் இல்லை," என்று எழுதியிருக்கிறாள்,
"இருந்தால் விற்றிருப்பேன்."

உள்ளே மரம் குடித்தது, காற்று குடித்தது.
குறைந்த இடத்தில்
ஆறிய பாலின் ஆடை போல ஒரு படலம்.
ஈஸ்ட்டின் வேலை.
அதற்குக் கீழே ஒயின் கெட்டுப்போகாமல்
வேறொன்றாகிக்கொண்டிருந்தது.
அந்தப் பக்கத்தில் அதைத் தெரிந்தே செய்பவர்கள் உண்டு.
செலிக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

1919 மார்ச்சில் அன்செல்ம் திரும்பினான்.
கைகால் முழுசு.
மூக்கு முகத்தில் இருந்தது.
வாயுவுக்குப் பிறகு அதற்கு வேலை இல்லை.

டிசம்பரில் ஒன்பதாவதைத் துளைத்தார்கள்.
வாயில் வைத்து உருட்டிவிட்டு அவன் சொன்னதை
அவள் அப்படியே எழுதியிருக்கிறாள்:
"குளிர்ச்சி. புளிப்பு. வேறொன்றுமில்லை.
நீ சொல்."

கீழே அவள் தேடிய தேடல்.
பச்சை வால்நட். அடித்திருக்கிறாள்.
ரொட்டியின் கருகிய அடி. அடித்திருக்கிறாள்.
நனைந்த கம்பளி. பாதி அடித்து, மனம் மாறியிருக்கிறாள்.
கடைசியில் அடிக்காமல் விட்டது:
"வெந்தயம்.
பிஜூ இளைத்தபோது தவிட்டில் பிசைந்து வைப்பாயே, அது.
உன் விரலில் ஒட்டிக்கொண்டு
ஞாயிறு பூசை வரைக்கும் போகாதே, அது."

அவன் என்ன செய்தான் என்று நோட்டில் இல்லை.
அடுத்த வரி:
இருநூற்றுப் பத்துக் குப்பி. மெழுகு போதவில்லை.

அதன்பின் பதினெட்டு அறுவடைக்கும்
ருசி என்ற பத்தியில் அவள் கையெழுத்துதான்.
லேபிளில் மட்டும்
அன்செல்ம் வோஷ்ரே, திராட்சை விவசாயி.

நானும் அதையேதான் செய்கிறேன்.
அக்டோபர் கடைசிவரை குலைகளைக் கொடியில் விட்டு,
பிழிந்து, நொதிக்கவிட்டு, பழைய பீப்பாயில் ஊற்றி,
அடைப்பானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறேன்.
ஆறு வருடம், மூன்று மாதம்.
இதில் கஷ்டமான வேலை எதுவென்றால் இதுதான்.
வங்கி மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள்.
ஒரு லிட்டர் உள்ளே போனால்
அறுபத்திரண்டு சென்டிலிட்டர் வெளியே வரும்.
மிச்சத்தைத் தேவதைகள் குடிப்பதாகப் பேச்சு.
என் நிலவறையில் சிலந்திகள்தான் இருக்கின்றன.
நன்றாகத்தான் இருக்கின்றன.

இந்த ஏப்ரலில் மூன்று இரவு உறைபனி.
வரிசைக்கு வரிசை மெழுகு வாளி கொளுத்தியும்
கீழ்ச்சரிவு கருகியது.
நாலாம் பீப்பாய் காடியாகிவிட்டது;
சந்தையில் ஊறுகாய் விற்கிற லுபினோ
விலை கேட்டிருக்கிறார்.

அச்சகத்தில் புது லேபிளுக்குப் பெயர் கேட்டார்கள்,
செவ்வாய்க்குள் வேண்டுமாம்.
செலி வோஷ்ரே என்று எழுதி அனுப்பினேன்.
எழுத்துப்பிழையா என்று கேட்டு
பதில் வந்திருக்கிறது.